ஏழு பேரை இறக்கின ஒரே ஆள்

மார்ச் 2, திங்கள்

மச்சானுக்கு,

கத்திட்டுப் போயிட்டா ஆச்சா? நான் பதில் சொல்ல வேணாமா?

நேத்து அத்தனை பேர் நடுவுல, எங்க கட்டடத்துச் செயலாளர் திரையை விலக்கிப் பித்தளைப் பலகையைக் காட்டுறார், எல்லாரும் கை தட்டுறாங்க, பின் வரிசையிலேர்ந்து "பொய்! சுத்தப் பொய்!"னு ஒரு சத்தம். யாரோ குடிச்சுட்டு வந்துட்டான்னு நெனச்சேன். திரும்பிப் பார்த்தா என் பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி! சட்டையில பாதிப் பட்டன் போடல, தலை சீவல, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள படியிறங்கிப் போயிட்ட. அதான் காகிதத்துல பேசுறேன். இதையாவது பாதியில விட்டுட்டு ஓடாம படி.

பலகையில என்ன இருக்கு? இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி கரண்ட் போயி, இந்தக் கட்டடத்து லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல நின்னுச்சு. உள்ள மாட்டின ஏழு பேரையும் வெளிய கொண்டுவந்த 'ஒன்லி' மெக்கானிக்னு என் பேரைப் போட்டிருக்காங்க. ஒன்லின்னு நான் சொன்னேனா? கட்டடத்துக்கு ஆண்டுவிழா மலர்னு புத்தகம் போடுற அந்தப் பொண்ணு வந்து, "ஐயா, அன்னைக்கு நீங்க அலோனா?"ன்னு கேட்டுச்சு. நான் "அலோன்"னேன். அவ்வளவுதான் என் வாயிலேர்ந்து வந்தது.

ரெண்டும் வேற வேற, மச்சான். நீ நாலாங்கிளாஸ், உனக்குப் புரியாது. நான் அஞ்சாங்கிளாஸ், சொல்றேன் கேளு. அலோன்னா பக்கத்துல ஆள் இல்ல. நான் எங்க நின்னேன்? ஆறாவது மாடிக் கதவுகிட்ட. நீ எங்க இருந்த? பதினாலாவது மாடிக்கு மேல, மிஷின் ரூம்ல சக்கரத்தைச் சுத்திக்கிட்டு. நடுவுல எட்டு மாடி. அப்ப நான் அலோன்தானே? ஒன்லிங்கிறது வேற சாதி வார்த்தை. அது வாட்ச்மேன் மாதிரி. 'ஸ்டாஃப் ஒன்லி'ன்னு போர்டு மாட்டினா, மத்தவன் உள்ள வரக்கூடாதுன்னு தடியோட நிக்கும். அந்தத் தடியை எடுத்தது அந்தப் பொண்ணு. நான் தடி எடுக்குற வயசா?

அதுவும் போக, அலோன் என் வார்த்தை மட்டுமா? லிஃப்ட் கம்பெனிக்காரன் கட்டடத்துக்கு ஒரு ஆள்னு போட்டான். நின்னுபோன லிஃப்ட்டைக் கையால நகர்த்த ஒரு ஆளால ஆகுமா? நான் போன் அடிச்சா நீ உன் கட்டடத்தை விட்டுட்டு ஓடி வருவ. நீ அடிச்சா நான் ஓடுவேன். எடத்தை விட்டுப் போனது தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவான்னு ரெண்டு பேருமே வேலைப் புத்தகத்துல 'அட்டெண்டட் அலோன்'னு எழுதினோம். பத்தொம்பது வருஷம் எழுதினோம். அப்பல்லாம் கசக்காத வார்த்தை இப்ப எப்படிக் கசந்துச்சு?

பித்தளையைப் பார்த்தா வயித்தெரிச்சல் வரத்தான் செய்யும். தப்பில்ல. ஆனா சபையில கத்தாத.

இப்படிக்கு,
பலகையில இருக்கிற உன் அத்தான்

பட்டன் போட மறந்துட்டியா, இல்ல இந்த வயசுல நெஞ்சைக் காட்டிக்கிட்டுத் திரியுற ஆசையா?


மார்ச் 6, வெள்ளி

அத்தான்,

இடது கையால எழுதுறேன். கோணலாத்தான் இருக்கும். படிக்க முடியலன்னா அக்காவைப் படிக்கச் சொல்லுங்க. அவளும் தெரிஞ்சுக்கட்டும்.

பட்டன் போட மறக்கல. போட முடியல. வலது கையில ரெண்டு விரல் அன்னைக்கே போச்சு. மிச்ச மூணும் இந்த வருஷம் மடங்கி மடங்கி உள்ளங்கையோட ஒட்டிக்கிச்சு. நரம்பு சுருங்குதாம். இன்னும் விட்டா மணிக்கட்டும் போயிடுமாம். கம்பெனி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி நிமித்திடலாம்னு டாக்டர் சொல்றார். ஆனா அங்க வேலையில பட்ட அடிக்குத்தான் பார்ப்பாங்க.

மனு குடுத்தேன். கிளார்க் பழைய வேலைப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பினான். உங்க கையெழுத்து. அட்டெண்டட் அலோன். அது அந்தக் காலத்து வழக்கம் சார், ரெண்டு பேரும் அப்படித்தான் எழுதுவோம்னு சொன்னேன். அவன் சிரிச்சான். மேசையில கெடந்த உங்க கட்டடத்து மலரை எடுத்து என் முன்னாடி போட்டான். கம்பெனி அதுல விளம்பரம் குடுத்திருக்கு, அதனால அங்க ஒரு பிரதி. உங்க போட்டோ அரைப் பக்கத்துக்கு. "உங்க அத்தானே தான் ஒருத்தர்தான்னு சொல்றாரு. நீங்க எங்கய்யா இருந்தீங்க?"ன்னு கேட்டான். பக்கத்துச் சீட்டுக்காரனும் சிரிச்சான்.

வீட்டுக்கு எடுத்துட்டு வந்து என் பொண்ணைப் படிக்கச் சொன்னேன். ஒரு எடத்துல அலோன். ஒரு எடத்துல ஒன்லி. ஒரு எடத்துல சோல். ஒரு எடத்துல சிங்கிள்-ஹேண்டட். கடைசி வார்த்தைக்கு மட்டும் அவ அர்த்தம் சொல்லல. திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஒத்தைக் கையால செஞ்சாராம்ப்பா"ன்னுட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

எனக்குப் பலகை வேணாம் அத்தான். அதை நீங்களே தொடைச்சு வச்சுக்குங்க. எனக்குக் கை வேணும். மார்ச் 20 சாயங்காலத்துக்குள்ள, நேர்ல பார்த்த ஆள் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதுக்கப்புறம் மனுவை மூடிருவாங்க. பார்த்த ஆள் இந்த உலகத்துல நீங்க ஒருத்தர்தான்.

ஞாயித்துக்கிழமை அதைக் கேக்கத்தான் வந்தேன். பலகையைப் பார்த்ததும் வேற வாய் வந்துருச்சு.


மார்ச் 11, புதன்

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உங்கக்கா சத்தமாப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என்னைத் திட்ட ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல. நேத்துக் குழாயடியில நின்னு என்னைத் திட்டினது மூணாவது மாடிக்குக் கேட்டுச்சாம். பலகையில இருக்கிற ஆளை இப்படியா பேசுறது?

கை மடங்கிப்போன விஷயம் எனக்குத் தெரியாதுடா. பட்டனைப் பத்தி எழுதினது தப்பு. சரி, அந்த வரியை அடிச்சிட்டேன்னு வச்சுக்கோ.

ஆனா நீயும் கொஞ்சம் யோசி. நான் என்னன்னு எழுதுறது? புத்தகத்துல நான் எழுதினது பொய்னு எழுதணும். மலர்ல சொன்னது பொய்னு எழுதணும். எழுபத்திரண்டு வயசுல நான் பொய்யன்னு நானே கையெழுத்துப் போடணும். போட்டா? இந்த லிஃப்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரூம் யார் குடுத்தது? கட்டடத்துக்காரங்க. எதுக்குக் குடுத்தாங்க? ஏழு உயிரைக் காப்பாத்தின ஆளுக்கு ஆயுசுக்கும் இருக்கட்டும்னு. பொய்யனுக்கு ரூம் குடுப்பாங்களா? என்னை விடு, நான் எங்கயாவது படிக்கட்டுக்கு அடியில படுத்துக்குவேன். உங்கக்கா? முட்டி வலிக்காரி. தரைத் தளத்துல இருக்கிறதால நடமாடுறா.

அப்புறம், அன்னைக்கு அலோன்னு எழுதச் சொன்னது யாரு? நீதான்! வேஸ்ட் துணியைக் கையில சுத்திக்கிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட, "அத்தான், நான் இங்க இருந்தேன்னு போடாதீங்க, வேலை போயிடும், பொண்ணு சின்னப் புள்ள"ன்னு சொன்னியா இல்லையா? வீட்டுக் கதவுல நசுங்கினதுன்னு நீயே டாக்டர்கிட்ட சொன்ன. நான் உனக்காக எழுதினது இப்ப எனக்குக் குத்தமாப் போச்சு.

ரெண்டாவது மாடி டியூஷன் டீச்சர்கிட்ட டிக்‌ஷனரி வாங்கி வச்சிருக்கேன். வெள்ளைக்காரனுக்குத் தனியா இருக்கிறதுல என்னடா இத்தனை ஆசை? ஒரு சங்கதிக்கு ஒரு கூடை வார்த்தை! சிங்கிள்னா வெறும் எண்ணிக்கை. சிங்கிள் கட்டில், சிங்கிள் டீ. அதுல சுகமும் இல்ல, துக்கமும் இல்ல. சோல்னா கையில பத்திரம் வச்சிருக்கிறவன். கடைக்காரன் 'சோல் ஏஜெண்ட்'னு போடுவானே, கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கிற வார்த்தை. எக்ஸ்க்ளூசிவ்னா பணக்காரன் வீட்டு ஒன்லி. தடி அதேதான், மேல வெல்வெட் உறை. சாலிட்டரின்னா ஜெயில்ல அடங்காதவனைத் தனியாப் போட்டுப் பூட்டுற ரூம். லோன்லின்னா வியாதி. சுத்தி நூறு பேர் இருந்தாலும் போகாது. இத்தனைக்கும் நடுவுல அலோன்தான் சாது. யாரையும் வெளிய தள்ளாது, யாரையும் அழ வைக்காது, சும்மா நிக்கும். நான் சொன்னது அந்தச் சாதுவை.

அதனால ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். அலோன்ங்கிறது அப்படியே இருக்கட்டும். கீழ ஒரு வரி சேர்த்து எழுதித் தரேன். 'அவசரத்துக்கு உதவியாக ஹெல்ப்பர் ஒருவர் மேலே இருந்தார்.' புத்தகமும் பொய்யாகாது, உன் கையும் நிமிர்ந்துரும், எங்க ரூமும் போகாது. எப்படி நம்ம மூளை?

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 14, சனி

அத்தான்,

ஹெல்ப்பரா?

நான் ஹெல்ப்பரா?

இந்த வரியைப் படிச்சுட்டு உங்க கடிதத்தைக் கிழிச்சேன். என் பொண்ணு பொறுக்கி ஒட்டி வச்சிருக்கா. ஒரு நாளைக்கு வேணும்ப்பாங்கிறா.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு மறந்துபோச்சு போல. இருபத்தாறு வருஷமா உங்க கதையவே சொல்லிச் சொல்லி அதுவே உங்களுக்கு நெசமாயிருச்சு. நான் சொல்றேன். அக்காவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க.

மேல சக்கரத்துகிட்ட ரெண்டு பேர் நிக்கணும். ஒருத்தர் பிரேக் கம்பியைத் தூக்கிப் புடிக்கணும், ஒருத்தர் சக்கரத்தைச் சுத்தணும். கம்பியை விட்டா சக்கரம் அந்த எடத்துலயே இறுகிரும். நான் இடது கையால கம்பியத் தூக்கி, வலது கையால சுத்தினேன். கரண்ட் இல்ல. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு நின்னேன். நீங்க கீழேருந்து லிஃப்ட் பொந்து வழியா "இன்னும்... இன்னும்..."னு குரல் குடுத்தீங்க. தளத்துக்கு நேரா வந்ததும் நீங்க "போடு"ன்னு சொல்லணும். நான் பிரேக்கைப் போட்டுக் கையை எடுத்துட்டு "போட்டாச்சு"ன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் நீங்க ஆளை இறக்கணும். ஏன்னா ஆள் இறங்கினா பாரம் மாறும், சக்கரம் தானா ஓடும். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

நீங்க "போடு"ன்னு சொல்லவே இல்ல.

கதவைத் தொறந்து இறக்கிட்டீங்க. உள்ள நிறைமாசக்காரி ஒருத்தி அழுதுகிட்டு இருந்தா, அவசரம், எல்லாம் சரி. ஏழு பேரும் இறங்கினாங்க, இங்க சக்கரம் எதிர்ப்பக்கம் துள்ளுச்சு. கை உள்ள போச்சு. வலியில இடது கை கம்பியை விட்டுருச்சு. பிரேக் இறுகிருச்சு. சக்கரத்துக்கும் மூடிக்கும் நடுவுல என் விரல். கம்பியைத் திரும்பத் தூக்கினா சக்கரம் இன்னும் ஓடி முழுக் கையையும் இழுக்கும். தூக்கலன்னா எடுக்க முடியாது. சக்கரத்தைப் பின்னாடி திருப்ப இன்னொரு ஆள் வேணும். டார்ச் கீழ விழுந்து உருண்டு போச்சு.

நாப்பது நிமிஷம் அத்தான். அப்புறம்தான் நீங்க மேல வந்தீங்க. கையில சோடா பாட்டில் இருந்துச்சு. யாரோ வாங்கிக் குடுத்திருக்காங்க.

அலோன் சாதுன்னு எழுதியிருக்கீங்க. உங்க டீச்சரம்மா டிக்‌ஷனரியில அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த நாப்பது நிமிஷம் நான் அதுக்குள்ள இருந்தேன். ஏழு பேர், தோளைத் தட்டுறவன், கையைக் குலுக்குறவன், இத்தனைக்கும் நடுவுல நின்னுக்கிட்டு நீங்க அலோனா? அந்த வார்த்தை என்னுது. அதையும் எடுத்துக்கிட்டுப் போய்ப் புத்தகத்துல உங்க கையெழுத்துக்கு மேல எழுதிக்கிட்டீங்க.

நான் எழுதாதீங்கன்னு சொன்னது நெசம். வேலை போயிடும்னு பயந்தேன். என் பேரை எழுதாதீங்கன்னேன். என் பேரைத் தொடைச்ச எடத்துல நீங்க ஏறி உக்காரச் சொல்லல.

நான் உங்களைக் கூப்பிட்டேன். பொந்துக்குள்ள கத்திக் கூப்பிட்டேன். அது குழாய் மாதிரி, மேல தும்மினா கீழ கேக்கும். உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?

அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. வேற எதையும் எழுதாதீங்க. ஜோக்கு எழுதாதீங்க.


மார்ச் 17, செவ்வாய்

மச்சான்,

எழுதிக்கிட்டு இருக்கேன். நாலு தாள் கிழிச்சாச்சு. உங்கக்கா பேனாவை ஒளிச்சு வச்சுக்கிட்டு, "இன்னொரு கோணங்கித்தனம் எழுதினா இதாலயே குத்துவேன்"ங்கிறா. நாள் இருக்கு.

அத்தான்


மார்ச் 18, புதன்

நாள் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன். ஆபீசுக்கான தாள் மட்டும் போதும். உள்ள வரமாட்டேன்.


மார்ச் 20, வெள்ளி

மச்சான்,

நீ வந்துட்ட. மணி பத்தடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. வாசல்ல நின்னு இருமுறது கேக்குது. உங்கக்கா "உள்ள வாடா, வெயில்ல நிக்காத"ங்கிறா. நீ "இங்கயே நிக்கிறேன்"ங்கிற. நான் உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இதை எழுதுறேன். ஆபீஸ் தாளை எழுதி முடிச்சு உங்கக்கா கையில குடுத்துட்டேன். இது வேற. இதை என் கையால உன் கையில குடுக்கணும். அவ டம்ளரைக் கழுவி டீ போடுற வரைக்கும் நில்லு.

தாள்ல என்ன இருக்குன்னு சொல்லிடுறேன், அப்புறம் வழியில படிச்சுட்டு ஏதாவது ஒண்ணை நெனச்சுக்காத. டீச்சரம்மா எழுத்துப் பிழை மட்டும்தான் திருத்தினாங்க. "அன்று மிஷின் ரூமில் தனியாக நின்று, பிரேக்கையும் சக்கரத்தையும் ஒரே ஆளாக இயக்கியவர் என் மைத்துனர். அவர் இல்லாமல் லிஃப்ட் ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்காது. கீழிருந்து குரல் கொடுக்க வேண்டிய நான், குரல் கொடுக்காமலே ஆட்களை இறக்கினேன். அதனால்தான் அவர் கை மாட்டியது. புத்தகத்தில் நான் எழுதியது பொய். மலரில் நான் சொன்னதும் பொய்." கீழ என் கையெழுத்து. ஹெல்ப்பர்ங்கிற வார்த்தை எங்கயும் இல்ல, தேடிப் பாரு.

செயலாளருக்கும் ஒரு நகல் குடுத்துட்டேன். படிச்சுட்டுக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சார். "ரூம் விஷயத்தைக் கமிட்டியில வைக்கணுமே"ன்னார். வைங்கன்னேன். ஜோக்கு ஒண்ணு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அது உனக்காக.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன்.

உங்கக்கா தாளை உன்கிட்ட குடுத்துட்டா போல. காகிதம் மடிக்கிற சத்தம் கேக்குது. ஒத்தைக் கையால மடிக்கிற, நேரமாகுது. மடி. மெதுவா மடி.

கேட்டுச்சு மச்சான்.

ஏழு பேரும் வெளிய வந்தாங்க. அந்த நிறைமாசக்காரி என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அவ புருஷன் மாடிப்படி ஏறி ஓடி வந்து, "ஐயா, கூட யார் இருந்தா? அவருக்கும் நன்றி சொல்லணும்"னு கேட்டான். அவன் கேட்டான்டா. உன்னைப் பத்திக் கேட்டான். நான் "யாருமில்ல, நான் ஒருத்தன்தான்"னேன். நம்ம வழக்கம், வாய் பழகிப்போச்சு, உன் வேலையைக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு இருபத்தாறு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்ல. சொன்னதும் அவங்க எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, என்னை அப்படி யாரும் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. ஒன்லிங்கிற தடியை அந்தப் பொண்ணு எடுத்தான்னு எழுதினேனே, அது பொய். அந்தப் பொண்ணு அப்ப பொறந்தே இருக்காது. எடுத்தது நான்தான்.

சொல்லி வாய் மூடல, பொந்துக்குள்ளேருந்து "அத்தான்"னு உன் குரல் வருது. அந்த ஆளு மேல பார்த்தான். "யாரோ கூப்பிடுறாங்களே"ன்னான். மேல நாலஞ்சு வீட்டுல டிவி ஓடுதுன்னு சொன்னேன். கரண்டே இல்லாதப்ப டிவி ஓடுதுன்னு சொன்னேன்டா மச்சான். அவனும் சரின்னுட்டான்.

நீ பேசுறது கேக்குது. "வரேங்க்கா"ங்கிற. இரு. டீ இன்னும் ஆறல. உங்கக்கா "அவர் உள்ள உனக்குத்தான்டா எழுதிக்கிட்டு இருக்கார்"ங்கிறா. செருப்புல கால விடுற சத்தம்.

வேகமா எழுதுறேன், எழுத்து கோணினா மன்னிச்சுக்கோ. ரெண்டாவது தடவ நீ அத்தான்னு கூப்பிடல. பேர் சொல்லிக் கூப்பிட்ட. உங்கக்காவை நான் கட்டின நாள்லேருந்து அன்னைக்கு வரைக்கும் நீ ஒரு தடவகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. தெரிஞ்சும் கையில சோடாவை வாங்கிக்கிட்டு நான்

கேட் சத்தம்.

உங்கக்கா வந்து நிக்கிறா. நீ போயிட்டியாம்.